மே மாதத்தில் பனி இல்லை

மாம்புரி
2024 செப்டெம்பர் 8

கில்பட்,

உன் சுகம் கேட்டு இதை எழுதவில்லை. உன் நம்பரை வட்ஸ்அப்பில் பிளொக் பண்ணிவிட்டேன். டெலிபோனில் கதைத்தால் நீ இடையில் புகுந்து என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்தில் அது முடியாது. நான் சொல்லி முடிக்கும்வரை நீ பேசாமல் இருந்துதான் ஆக வேண்டும். அப்பாவோடு கதைக்க வேண்டுமென்றால் அவருடைய போனுக்கு எடு. காதில் வைத்துக் கொடுப்பேன். உன்னோடு கதைக்க மாட்டேன்.

போன மாதம் தலவில திருவிழாவில் என்ன சொன்னாய்? அன்னம்மாள் கோயில் வாசலில் உன் டயனாவின் தாய் தகப்பன், பெரியம்மா வீட்டார், வீல்செயாரில் அப்பா, எல்லாரும் நிற்க என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாய்: "இந்த நத்தாருக்கு அக்கா எங்களோட இத்தாலியில. ஸ்னோவுக்குள்ள நிப்பாட்டிப் படம் எடுத்து அனுப்புறன், பாருங்க." எல்லாரும் கைதட்டினார்கள். நான் அழுதேன். நாற்பத்தொரு வயதில் அத்தனை பேருக்கு முன்னால் அழுததை நினைத்தால் இப்போது முகம் எரிகிறது.

அடுத்த கிழமையே கொழும்புக்குப் போய் வரிசையில் நின்று பாஸ்போட்டுக்குக் கொடுத்தேன். புத்தளத்தில் பழைய உடுப்பு விற்கிற கடையில் ஒரு தடித்த கோட் வாங்கி, வீட்டில் வேர்த்து ஒழுக ஒழுகப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து முனவ்வரா கண்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

போன ஞாயிறு நீ எடுக்கிறாய். "அக்கா, டிசம்பர் வேணாம். பெப்ரவரியில புள்ள பிறந்திரும். மே மாசம் டயனா வேலைக்குத் திரும்பணும். நீங்க மே மாசம் வந்து மூணு மாசம் நிண்டா புள்ளயப் பாத்துக்கொள்ளலாம். அப்பாவப் பாக்க, நோயாளி பாக்கிற மக்டலின் தலவிலயில இருந்து வருவாவாம், கதைச்சிட்டன்."

நான் கேட்டேன், "மே மாசத்தில ஸ்னோ இருக்குமா?"

நீ சிரித்தாய். "எங்க அக்கா! அது வெயில் காலம்."

அந்தச் சிரிப்புக்குத்தான் போனை வைத்தேன்.

உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது பிறக்கவில்லை. கரையில் மீன் வாடிக்கு ஐஸ் லொறி வரும் நாளில் நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன். அடித்து நொறுக்கின ஐஸை மீன்பெட்டிக்குள் கொட்டினதும் முகத்தை அதற்குள் புதைத்துக்கொள்வேன். சூரை மீன் மணக்கும். அம்மா தலைமயிரில் பிடித்து இழுத்து அடிப்பாள். பெரியவளான பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் கோயிலில் பாலன் குடிலுக்குப் பஞ்சு ஒட்டுவது நான்தான். "பெத்லகேமில இவ்வளவு பனி இல்ல, புள்ள" என்று பங்குச் சாமி சொல்லுவார். கேட்க மாட்டேன், இன்னும் ஒட்டுவேன். இதெல்லாம் ஏன் என்று கேட்டால் என்னிடம் காரணம் இல்லை. வானத்திலிருந்து வெள்ளையாக ஒன்று விழுந்து, விழுந்த இடத்தில் அப்படியே இருக்கும் என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் உன்னிடம் கேட்கவில்லை. நீயாகத் தருகிறேன் என்றாய். பிறகு பனியை உருவி எடுத்துவிட்டு ஆயா வேலையை மட்டும் நீட்டுகிறாய்.

அல்பொன்சா


பொல்சானோ, இத்தாலி
2024 ஒக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலை முடிந்து வந்து குசினியில் நின்றபடியே வாசித்தேன். சோதனை எழுதின காலத்துக்குப் பிறகு இவ்வளவு தமிழ் நான் கையால் எழுதியதில்லை. விரல் நோகிறது. நீங்கள் போனை எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற கதை இது.

ஆயா என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பியின் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது ஆயா வேலையா? இங்கே பிள்ளை பார்க்க ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

அடுத்தது பனி. உங்களுக்கு அது பஞ்சு. எனக்கு அது வேலை. ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள் எழும்பும் முன் வாசல் படிகளைத் துப்புரவாக்க வேண்டும். சவலால் அள்ளி அள்ளி ஒரு பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் விழுந்திருக்கும். முதல் வருஷம் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்தேன். அப்பாவுக்கு அதைச் சொல்லவில்லை. சப்பாத்துக்குள் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நின்றிருக்கிறேன். ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன், அதில் ஒரு அழகும் இல்லை. குளிர்காலம் எங்களுக்கு சீசன், லீவு கிடைக்காது. நீங்கள் வந்தால் யார் கூட்டிப் போவது? கதிரையைப் போட்டு ஜன்னலால் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். அதற்காகவா இவ்வளவு தூரம்?

டிசம்பரில் அப்பாவை யார் பார்ப்பது? அதை யோசித்தீர்களா?

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்களுக்கென்று ஒரு புருஷன், பிள்ளைகுட்டி இருந்திருந்தால் இந்த வயதில் இப்படி ஒரு விசர் வந்திருக்காது. ஊரில் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

டயனா மாசமாக இருக்கிறாள். இந்தப் பிரச்சினை ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு எழுதிக் குழப்ப வேண்டாம். மே மாதம் வாருங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

தம்பி கில்பட்


மாம்புரி
2024 நவம்பர் 3

கில்பட்,

நேற்றுக் கல்லறைத் திருநாள். சவக்காலையில் அம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். உன் பேரிலும் ஒன்று கொளுத்தினேன், அது என் கடமை. ஆனால் அவள் உயிரோடிருந்து உன் கடிதத்தை வாசித்திருந்தால் உன் வாயில் பச்சை மிளகாயைத் தேய்த்திருப்பாள்.

டிசம்பரில் அப்பாவை யார் பார்ப்பது என்று கேட்கிறாய். மே மாதம் யார் பார்ப்பார்களோ அவர்கள்தான். மே மாதம் வரக்கூடிய மக்டலின் டிசம்பரில் செத்தா போவாள்? உனக்கு நான் தேவைப்படும்போது அப்பாவைப் பார்க்க ஆள் கிடைக்கிறது. எனக்கு ஒரு தேவை வரும்போது அப்பா என் கழுத்தில்.

புருஷன் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை என்று எழுதினாய். அம்மா போகும்போது உனக்கு ஒன்பது வயது. நீ காய்ச்சலில் கிடந்தபோது யார் நெஞ்சில் கிடந்தாய்? உன் முதல் நன்மைக்கு வெள்ளை உடுப்புத் தைத்தது யார்? அது குடும்பம் இல்லையென்றால் வேறென்ன, வாடகை வீடா? அதற்கு நான் கூலி கேட்டு வரவில்லை. விரும்பித்தான் செய்தேன். இன்னொரு முறை வந்தாலும் செய்வேன். ஆனால் அதையே கல்லாக்கி என் முகத்தில் எறிய உனக்கு எப்படி மனம் வந்தது?

பனியில் நீ படும் பாட்டை வாசித்தேன். மணிக்கட்டு முறிந்ததை வாசித்து அழுதேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் நீ அள்ளுகிறாய் என்பதற்காக நான் ஆசைப்படக் கூடாதா? அப்பா ஆயுள் முழுக்கக் கடலில் வெந்தார். உன் ஹோட்டலில் தங்குகிற அதே வெள்ளைக்காரர் கற்பிட்டிக் கடலைப் பார்க்க ஓடி வருகிறார்கள். டொல்பின் துள்ளுவதைக் கண்டு சின்னப் பிள்ளைகள் போலக் கத்துகிறார்கள். அப்பா அவர்களைப் பார்த்து ஒருநாளாவது விசர் என்றாரா? தானும் சேர்ந்து சிரித்துக்கொண்டு வள்ளத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். நீ அவருடைய மகன்.

ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். மடையா, ஜன்னல் போதுமாக இருந்தது எனக்கு.

இப்போது கேள். பனி உன் இத்தாலியில் மட்டும் விழவில்லை, இந்தியாவிலும் விழுகிறது. சிலாபத்தில் ஒரு ஏஜென்ட் ஜனவரியில் டெல்லி, ஆக்ரா, மணாலி என்று ஆட்களைக் கூட்டிப் போகிறார். இந்தப் போகம் என் வெங்காயம் நன்றாக வந்தது. நீ எடுக்கச் சொன்ன பாஸ்போட் கையில் இருக்கிறது. பேர் கொடுத்துவிட்டேன். அப்பாவைப் பார்க்க மக்டலினும் வருகிறேன் என்றாள்.

அப்பாவிடம் கேட்காமல் செய்யவில்லை. சாப்பாடு ஊட்டும்போது கேட்டேன்.

"அப்பா, நான் பத்து நாள் போய் வரட்டா?"

"எங்க?"

"ஸ்னோ பாக்க."

வாயிலிருந்த சோற்றை விழுங்கினார். "கில்பட்டுக்கிட்டயா?"

"இல்லப்பா. நான் வேற இடத்துக்கு."

"அப்ப போ," என்றார். பாரிசவாதம் வந்த பிறகு அவருக்கு ஒரு பக்கத்தால்தான் சிரிக்க வரும். அந்த ஒரு பக்கத்தால் நன்றாகச் சிரித்தார்.

அல்பொன்சா


பொல்சானோ
2024 டிசம்பர் 1

அக்கா,

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? மூன்று வருஷமாகக் கட்டிலில் கிடக்கிற மனுஷனை விட்டுவிட்டு, தெரியாத ஆட்களோடு, தெரியாத நாட்டுக்கு, ஐஸ் பார்க்கப் போகிறாயா? அப்பா போ என்றாராம்! அவரிடம் நிலாவுக்குப் போகட்டுமா என்று கேட்டாலும் போ என்றுதான் சொல்வார்.

நான் சொல்வதை ஒழுங்காகக் கேள். மக்டலினுக்கு எடுத்துக் கதைத்துவிட்டேன். ஜனவரியில் வரத் தேவையில்லை, மே மாதம் வந்தால் போதும் என்று சொல்லியாகிவிட்டது. இனி நீ எப்படிப் போகிறாய் என்று பார்க்கிறேன்.

மீறிப் போனால், போன நேரத்தில் அப்பாவுக்கு ஒன்று நடந்தால், செத்தவீட்டுக்கு நான் வருவேன். ஆனால் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை.

கில்பட்


மணாலி, இந்தியா
2025 ஜனவரி 19

கில்பட்,

முத்திரையைப் பார்த்ததும் விளங்கியிருக்கும். வந்துவிட்டேன்.

உன் கடிதம் நத்தாருக்கு முந்தின நாள் வந்தது. நீ என்னை "நீ" என்று எழுதியிருந்தாய். பிறந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. இரண்டு முறை வாசித்துவிட்டு மக்டலினுக்கு எடுத்தேன். "உங்கட தம்பி வேணாமெண்டு சொன்னாரு. நான் வண்ணாத்திவில்லுவில ஒரு வீட்டுல வேலைக்கு ஒத்துக்கிட்டன். என்னோட கோபிக்காதீங்க" என்றாள். அவளை என்ன சொல்ல? அவளும் பிழைக்க வேண்டும்.

அன்றைக்கு நீ வென்றாய். கோட்டை மடித்து அலுமாரிக்கு அடியில் தள்ளினேன். நத்தார் நடுச்சாமப் பூசைக்குக்கூடப் போகவில்லை. ஏஜென்டுக்குப் போன் எடுத்து, பேரை வெட்டச் சொல்லக் கையில் போனோடு வாசலில் இருந்தேன். அப்போதுதான் முனவ்வரா தண்ணிப் பம்பின் திறப்புக் கேட்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உன் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு என் கையிலிருந்த போனை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க," என்றாள். "அங்கிள நானும் என்ட மனுசனும் பாக்கிறோம்."

"பத்து நாள், முனவ்வரா. குளிப்பாட்டணும், தூக்கணும்."

"நளீர் தூக்குவாரு."

"வேணாம். ஊர்ல என்னென்ன கதைப்பாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. "அல்பொன்சா, எனக்கு அப்ப ஏழு வயசு. தொண்ணூறாம் வருஷம் மன்னாரில இருந்து எங்கட முஸ்லிம் சனத்தத் துரத்தின நேரம், போட்டிருந்த உடுப்போட வள்ளத்தில ஏறி வந்தவ நான். துரத்தின இடத்துக்குத்தான் போயிருக்கிறன். ஆசப்பட்ட இடத்துக்கு ஒருநாளும் போகல்ல. உங்கள யாரும் துரத்தல்ல. நீங்களா ஒரு இடத்துக்குப் போகணும் எண்டு நினைக்கிறீங்க. அதுக்கும் போகாட்டி எப்படி?"

பின்னேரம் நளீர் வந்து அப்பாவை ஒருமுறை தூக்கி இருத்திக் காட்டினார். "வெங்காய மூடையை விட இவர் லேசு" என்றார். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. முப்பத்து நாலு வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் சனங்கள் அவர்கள். நீ இல்லாத இடத்தில் அவர்கள் நின்றார்கள். அதை எழுதி வைக்கிறேன், நன்றாக வாசி.

இனிப் பனி.

நேற்று முன்தினம் முதல்முதல் கண்டேன். றோட்டோரம் குவித்து வைத்திருந்தார்கள். டீசல் புகை படிந்து கறுத்து, தேத்தண்ணிக் கோப்பைகளும் பிஸ்கட் கடதாசியும் குத்தி நின்றன. வாடகைக்கு எடுத்த சப்பாத்து மற்றவனின் கால் மணத்தது. எங்களோடு வந்த ஆட்கள் எல்லாரும் ஓடிப்போய்ப் படம் எடுத்தார்கள். நான் வேனுக்குள்ளேயே இருந்தேன். இதற்கா என்று நினைத்தேன். நீ சொன்னது சரியாகிவிடுமோ என்ற பயம்தான் கூட. ஆத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது.

நேற்று விடிய, தங்கியிருக்கும் இடத்தில் பல் தீட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். விழுந்துகொண்டிருந்தது. மழை மாதிரி அவசரம் இல்லை. சில துண்டுகள் இறங்கி வந்து, என்ன நினைத்தோ, மறுபடி கொஞ்சம் மேலே போய்ப் பிறகு விழுந்தன. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே முற்றத்தில் இறங்கினேன். கோட் போடவில்லை. சட்டைக் கையில் ஒன்று வந்து இருந்தது. நனையவில்லை, கில்பட். நனையும் என்று நினைத்திருந்தேன். தூசு மாதிரி உலர்ந்து இருந்தது. ஊதினேன், பறந்தது. பிறகு முகத்தை மேலே பிடித்துக்கொண்டு நின்றேன், வாயிலிருந்த பற்பசை நுரை கழுத்தில் வழிய வழிய. ஹோட்டல் பெடியன் என்னவோ ஹிந்தியில் கத்தினான். உள்ளே போகச் சொன்னான் போல. நான் அவனுக்கு மாம்புரித் தமிழில் ஏசினேன்.

நளீரின் போனுக்கு வீடியோ கோல் எடுத்தேன். முனவ்வரா அப்பாவுக்கு முன்னால் பிடித்தாள். அப்பா சட்டையில்லாமல், மின்விசிறிக்குக் கீழே, வேர்த்துப்போய் இருந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "குளிர் கடிக்குதா?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. நல்லாக் கடிக்குது."

"நில்லு, நில்லு. உள்ளுக்குப் போகாத," என்றார். தானே அங்கு நிற்பது போல.

இதை உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எழுதவில்லை. பனியைக் கண்டதும் மனம் இளகி எல்லாம் போய்விடும் என்று நானும் நம்பியிருந்தேன். போகவில்லை. அதற்குள் நிற்கும்போதே உன்மேல் கோபம் பொங்கியது. மக்டலினுக்குப் போன் எடுத்த அந்தக் கையை முறிக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரம் என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் நின்றன. ஒன்று மற்றதைத் தள்ளவில்லை. இப்படியும் இருக்கலாம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் எத்தனையோ தடவை உன்னிடம் கோபித்திருப்பேன். சந்தோஷம் கெட்டுவிடும் என்று பயந்துதான் இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மே மாதம் வர மாட்டேன்.

அல்பொன்சா


பொல்சானோ
2025 பெப்ரவரி 16

அக்கா,

ஏழாம் திகதி பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அப்பாவுக்கு அன்றைக்கே சொன்னேன். நீங்கள் பக்கத்தில் நின்றது கேட்டது, ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

உங்களுக்கு இப்போது திருப்தியாக இருக்கும். மணாலியிலிருந்து வந்த கடிதத்தை நான் வேலைக்குப் போன நேரம் டயனா பிரித்து வாசித்துவிட்டாள். வாசித்ததோடு நிற்கவில்லை, என் சாமான்களுக்குள் தேடி மற்ற இரண்டையும் எடுத்து வாசித்திருக்கிறாள். நான் வந்தபோது மேசையில் மூன்றும் வரிசையாக இருந்தன. பிள்ளை பெற்றுப் பத்து நாளாகாதவள் எழும்பி நின்று கேட்டாள், "அக்காதான் மே மாசம் வாறன் எண்டு சொன்னா எண்டு என்னட்டச் சொன்னீங்களே?"

ஓம், அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவள் டிசம்பருக்கு உங்களுக்கு அறை ஒழுங்குபண்ணி, சப்பாத்து அளவு கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு எப்படி நிறுத்துவது? இப்போது அவள் என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். மே மாதத்துக்கு அவளுடைய அம்மா சிலாபத்திலிருந்து வருகிறாவாம். என்னிடம் கேட்காமலே ஒழுங்கு முடிந்துவிட்டது.

வருகிற டிசம்பருக்கு உங்களைக் கூப்பிடும் கடிதத்தைத் தானே எழுதப்போவதாகச் சொல்கிறாள். நான் செய்தது பிழை என்று உங்களுக்கு எழுதச் சொன்னாள். பிழைதான். மக்டலினுக்குப் போன் எடுத்தது பெரிய பிழை. ஆனால் அக்கா, நளீர் நானாவைப் பற்றி நீங்கள் அப்படி எழுதியிருக்கக் கூடாது. நான் இல்லாத இடத்தில் அவர் நின்றார் என்று. அது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாளும் அது தெரிந்துகொண்டுதான் இங்கே அள்ளுகிறேன். அந்த வரியை வாசித்த நாளிலிருந்து உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

கில்பட்


மாம்புரி
2025 மார்ச் 14

கில்பட்,

பிள்ளையின் படத்தை டயனா அனுப்பினாள். உன் மூக்கு. பாவம்.

நளீரைப் பற்றி எழுதினதை வாபஸ் வாங்க மாட்டேன். உண்மையைத்தான் எழுதினேன், நோக வேண்டும் என்றும்தான் எழுதினேன். நீ கோபமாக இரு. எனக்கு அது பரவாயில்லை. நல்ல பிள்ளை மாதிரி "கோபிக்க வேண்டாம்" என்று தொடங்கி எழுதினாயே, அதைவிட இது எவ்வளவோ மேல். இதில்தான் என் தம்பி எழுதியிருக்கிறான்.

டயனாவின் கடிதம் வந்தால் டிசம்பரில் வருவேன். மக்டலினோடு இந்த முறை நானே கதைத்துவிட்டேன், முனவ்வராவும் பார்த்துக்கொள்வாள். நீ யாருக்கும் போன் எடுக்காதே. பிள்ளையைத் தூக்குவேன், என் மருமகள், ஆசை தீரத் தூக்குவேன். ஆனால் நீ வேலைக்குப் போக நேரம் பார்த்து என் கையில் தந்துவிட்டு ஓடலாம் என்று நினைக்காதே. எனக்கு வெளியில் போக இருக்கும்.

அப்பா உனக்குச் சொல்லச் சொன்னது: மணிக்கட்டுக்குக் குளிரில் எண்ணெய் தடவட்டாம். கடிதத்தில் அந்த இடத்தை வாசித்துக் காட்டினேன். ஏன் மறைத்தான் என்று உன்மேல் அவருக்கும் கோபம்.

இன்னும் ஒன்று. நான் வரும் நாளில் எயார்போட்டில் பூவும் சிரிப்புமாக வந்து நின்று, எல்லாருக்கும் முன்னால் தோளில் கையைப் போட்டுக் கட்டிப்பிடிக்க வராதே. முதலில் உன்னை நேரில் ஏச வேண்டும். கடிதத்தில் ஏசி ஏசி எனக்குத் தாகம் தீரவில்லை. நீயும் உன் பங்குக்கு ஏசு, கேட்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம்.

அக்கா
அல்பொன்சா